யாருக்கு வந்த மயக்கம்

சோலைமுத்துவின் பெயரை அனந்தகிருஷ்ணன் சிவப்புப் பேனாவால் சுழித்த அன்று ஜோதிமணி காலையில் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. வெறும் வயிற்றில் அவளுக்குக் கோபம் சீக்கிரம் வரும். சாப்பிட்ட வயிற்றிலும் வரும், கொஞ்சம் தாமதமாக.

"இவரை அன்ஃபிட்னு போட்டுடலாம்மா. வருஷம் முடியறதுக்குள்ள ஊருக்கு அனுப்பிட்டா, அடுத்த வருஷக் கணக்குல வரமாட்டார்" என்றார் அனந்தகிருஷ்ணன். கிளினிக்கின் மேனேஜர் அவர். பேசும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தால் முடிவு எடுத்துவிட்டார் என்று அர்த்தம். துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஊருக்குப் போனா அவருக்குச் சுகர் கொறைஞ்சிடுங்களா சார்?"

"நம்ம செலவு குறையும்."

வளைகுடாவில், ராஸ் அல் கைமாவில் மலையை உடைத்து எடுக்கும் குவாரிகளுக்கும் கடலுக்கும் நடுவே இருந்தது அந்த டைல்ஸ் ஃபேக்டரி. அதன் வாசலை ஒட்டிக் கிளினிக், பின்னால் லேபர் கேம்ப். முன்பெல்லாம் ஊசி ஒன்றுக்கு ஒரு பில், எக்ஸ்ரேக்கு ஒரு பில் என்று கிளினிக் அனுப்பும். ஃபேக்டரி முணுமுணுத்துக்கொண்டே கட்டும். ஆட்களுக்கு எவ்வளவு உடம்புக்கு முடியவில்லையோ கிளினிக்குக்கு அவ்வளவு லாபம். இரண்டாயிரத்து ஏழாம் வருடத் தொடக்கத்தில் ஃபேக்டரிக்காரர்கள் விழித்துக்கொண்டார்கள். ஆளுக்கு இவ்வளவு என்று வருடத்துக்கு ஒரே தொகை. அதற்குள் அத்தனை பேரின் உடம்பையும் கிளினிக்தான் பார்த்துக்கொள்ள வேண்டும், பெரிய ஆஸ்பத்திரியில் படுத்தால் அந்தச் செலவும் சேர்த்து. மிச்சமானால் இரண்டு தரப்புக்கும் பங்கு. கையைக் கடித்தால் கிளினிக் தலையில்.

நல்ல யோசனைதான். இனி ஆட்கள் நன்றாக இருந்தால்தான் கிளினிக் பிழைக்கும். ஆனால் நோயைக் குறைக்காமல் நோயாளியைக் குறைத்தாலும் கணக்கு அதே மாதிரிதான் வரும் என்பதை அனந்தகிருஷ்ணன் மூன்றாம் மாதமே கண்டுபிடித்துவிட்டார். படித்தவர் அல்லவா.

ஜோதிமணியும் படித்தவள்தான். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவரின் மகள். அவர்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். பி.எஸ்சி. நர்ஸிங் முடித்து இங்கே வந்தவளை, புது ஒப்பந்தத்துக்காகக் கோ-ஆர்டினேட்டர் என்று ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். ஒரு ஆள் எந்த டாக்டரிடம் போனாலும் அங்கே கொடுத்தது இங்கே தெரிய வேண்டும். வரவேண்டிய நாளில் வராதவனைத் தேடிப் பிடிக்க வேண்டும். மாத்திரையை நிறுத்தியவனைத் திரும்ப விழுங்க வைக்க வேண்டும். இதை அவள் போனில் விளக்கியபோது அம்மா கேட்டாள்: "ஆடு மேய்க்கிற மாதிரியா?" ஏறக்குறைய அதுதான்.

"வருஷக் கடைசி வரைக்கும் டைம் குடுங்க சார்" என்றாள்.

"எதுக்கு?"

"அத்தனை மாத்திரை குடுத்தும் ஏன் சுகர் எறங்கலைன்னு தெரியணும். தெரியாம ஒருத்தர வீட்டுக்கு அனுப்பறது வைத்தியமா?"

அனந்தகிருஷ்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "டிசம்பர் கடைசியில டெஸ்ட். அதுல குறையலைன்னா கேன்சல். அப்பறம் என்கிட்ட சண்டைக்கு வரப்படாது."

கேன்சல் என்றால் விசா கேன்சல். கமுதிப் பக்கத்துக்காரரான சோலைமுத்து சூளை வாயில் டைல்ஸ் இறக்குகிறவர். ஐம்பதை நெருங்கிய ஆளுக்கு இனி எவனும் புது விசா தரமாட்டான். கோடையில் உடைந்த டைல்ஸ் குத்திக் கால் விரல் புண்ணாகி, சர்க்கரை ஏறி, பெரிய ஆஸ்பத்திரியில் படுத்து, விரல் மயிரிழையில் தப்பியது. அந்த ஒரு பில்தான் கிளினிக்கின் பாதி மிச்சத்தை விழுங்கிவிட்டது என்று அனந்தகிருஷ்ணன் இன்னமும் சொல்லிச் சொல்லி மாய்ந்துகொண்டிருந்தார். அதற்குப் பிறகு கிளினிக் டாக்டர் ஷியாமளா மாத்திரையின் பவரை ஏற்றிக்கொண்டே போனாள். சர்க்கரை அசைந்து கொடுக்கவில்லை.

மறுநாள் சோலைமுத்து வந்தார். நெட்டையான மனிதர். சூளை வெக்கையில் புருவம் கருகி உதிர்ந்திருந்தது.

"மாத்திரை போடறீங்களா அண்ணே?"

"போடாமலா சிஸ்டர்? தீந்து போச்சுன்னா டாண்ணு வந்து வாங்கிக்கிறேன்ல."

உண்மைதான். மருந்து வாங்குவதில் அவரைப் போல ஒழுங்கான ஆள் அந்தக் கேம்பிலேயே கிடையாது.

"வேற என்ன தொந்தரவு?"

அவர் கதவைப் பார்த்துவிட்டுச் சொன்னார். "மயக்கமா வருது சிஸ்டர். விடியக்காலம் பொத பொதன்னு வேர்த்து ஊத்துது. கையெல்லாம் நடுக்கம். ஒரு வெல்லக்கட்டிய வாயில போட்டாச் சரியாப் போகுது. இது மாத்திரையால வருதா?"

ஜோதிமணி அவர் விரலைக் குத்திப் பார்த்தாள். சர்க்கரை எக்கச்சக்கம். அவர் சொன்னதெல்லாம் சர்க்கரை தரைதட்டியவனுக்கு வரும் கோளாறு. வாய் ஒன்று சொல்கிறது, ரத்தம் வேறு ஒன்று சொல்கிறது. இரண்டும் ஒரே உடம்பில் இருக்க வழியே இல்லை.

அவளுக்குக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. புரியாத ஒன்று எதிரே வந்து நின்றால் அவளுக்கு அப்படித்தான் ஆகும்.

முதலில் மாத்திரையைச் சந்தேகப்பட்டாள். ஏசி ஓடாத ரூமில் வெந்து கெட்டுப்போயிருக்குமோ என்று பார்மசியில் விசாரித்தாள். அவ்வளவு சீக்கிரம் கெடாது என்றார்கள். மெஷினைச் சந்தேகப்பட்டுத் தன் விரலையே குத்திப் பார்த்தாள். மெஷின் ஒழுங்காக இருந்தது. வேறு எங்கே போனார் என்று துருவியபோதுதான் ஒன்று கிடைத்தது. சாயங்கால டியூட்டி டாக்டரிடமும் போயிருக்கிறார், பெரிய ஆஸ்பத்திரி ஓ.பி.யிலும் காட்டியிருக்கிறார். ஷியாமளா கொடுத்தது அவர்களுக்குத் தெரியாது, அவர்கள் கொடுத்தது ஷியாமளாவுக்குத் தெரியாது. ஆளுக்கு ஒரு சர்க்கரை மாத்திரை. ஜோதிமணி மூன்று பேரையும் போனில் பிடித்து, இனி ஷியாமளா ஒருத்திதான் எழுதுவது என்று முடிவு கட்டினாள். பெரிய ஆஸ்பத்திரிக்காரருக்கு ஒரு நர்ஸ் அப்படிப் பேசியது பிடிக்கவில்லை. பிடிக்காவிட்டால் போகட்டும்.

ஷியாமளா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்தாள். கோயம்புத்தூர்க்காரி, நல்ல டாக்டர், ஒரு நோயாளிக்கு ஐந்து நிமிடம்கூடக் கிடைக்காத நல்ல டாக்டர்.

"மூணையும் சேர்த்து ஒருத்தர் முழுங்கினா இந்நேரம் கோமாவுல இருக்கணும் ஜோதி. இவர் நடந்து வர்றார்!"

"அதான் மேடம் எனக்கும்."

"மயக்கம் வர்றப்பவே கூட்டிட்டு வா. அப்ப என்ன ரீடிங்னு பார்ப்போம்."

அதைச் சொல்ல ஜோதிமணி சோலைமுத்துவைத் திரும்ப அழைத்தாள். "கடைசியா எப்ப அண்ணே வந்துச்சு?"

"முந்தாநேத்து சிஸ்டர். வெயில் ஏறுன நேரம், களை எடுத்துக்கிட்டு இருக்கயில அப்பிடியே கண்ணு இருட்டி..."

நிறுத்தினார்.

"என்ன எடுத்துக்கிட்டு இருக்கப்ப?"

"டைல்ஸு. டைல்ஸு எடுக்கயில. வாய் தவறிருச்சு. டியூட்டிக்கு நேரமாச்சு சிஸ்டர், வர்றேன்." செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் போய்விட்டார்.

ஜோதிமணி ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். சிமெண்டுத் தூசி போர்த்திய மொட்டை மலை. தண்ணீர் லாரி. முள்வேலியில் காயும் பனியன்கள். இந்த இடத்தில் ஒரு களை முளைத்தால் கூட்டம் கூடி வேடிக்கை பார்க்கும்.

அப்படியானால் களை எடுத்தது யார்?

வெள்ளிக்கிழமை அவள் காதர் மைதீனைக் கூப்பிட்டாள். கீழக்கரைக்காரர், கிளினிக் வேன் டிரைவர், கேம்ப்பில் எந்த ரூமில் எவன் குறட்டை விடுவான் என்பது வரை தெரிந்தவர்.

"பொம்பளப் புள்ள கேம்ப்புக்குள்ள வந்தா லுங்கிய இறக்கி விட்டுக்கிட்டு ஓடுவானுங்க தங்கச்சி" என்றார்.

"ஓடட்டும். நான் பாக்காத காலா?"

சோலைமுத்துவின் ரூமில் ஓடினார்கள்தான். ஒருவன் சட்டைக்காகக் கட்டிலுக்கு அடியில் தலையை விட்டான். காதர் மைதீன் வாசலில் நின்று, "யல்லா, யல்லா, துணியப் போடுங்கப்பா, இன்ஸ்பெக்ஷன்!" என்று சத்தம் போட்டதில் பக்கத்து ரூம்காரர்களும் எட்டிப் பார்த்தார்கள். அடுக்குக் கட்டில்களுக்கு நடுவே இருந்த தரை முழுவதையும் ஒரு பெரிய அட்டைப்பெட்டி அடைத்திருந்தது. லீவில் போகும் ஐயப்பனின் பெட்டி. கம்பளி, பால் பவுடர், கோடாலித் தைலம், வாசனை சோப்பு. இடுக்கில் எல்லாம் ரூம்காரர்களின் சின்னச் சின்னப் பொட்டலங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு ஊர்ப்பெயர். போகிறவன் கையில் ஆளுக்கு ஒரு பொட்டலம் கொடுத்துவிடுவது அங்கே எழுதாத சட்டம். மாட்டேன் என்று சொன்னவன் திரும்பி வந்தால் அவனோடு பேச ஆள் இருக்காது.

"வெயிட் போட்டுப் பாத்தியா?" என்று காதர் மைதீன் கேட்டார்.

"எடை கூடுனா என் துணிய எடுத்துருவேண்ணே. அவங்க சாமானத் தொட்டா மண்டைய ஒடைச்சிருவாங்க" என்றான் ஐயப்பன்.

ஜோதிமணி குனிந்தாள். பால் பவுடர் டின்னுக்கும் கம்பளிக்கும் நடுவே கண்ணாடிப் பை ஒன்று. உள்ளே மாத்திரை அட்டைகள். அவள் கிளினிக்கின் நீலச் சீட்டு ஒட்டிய அட்டைகள். பையின் மேல் பால்பாயின்ட் பேனாவில் கோணலாக: கருப்பாயி.

"கருப்பாயி யாரு?"

மேல் கட்டிலில் இருந்து சோலைமுத்துவின் கால்கள் மெதுவாக இறங்கின. ஒரு விரலில் தழும்பு.

"எஞ் சம்சாரம்" என்றார்.

"அவங்களுக்கும் சுகரா?"

"ஆமா சிஸ்டர். எனக்கு முன்னாடியே. அங்கன குடுக்குற மாத்திரை கேக்க மாட்டேங்குதுன்னு ஒரே பொலம்பல். வெளிநாட்டு மாத்திரைன்னா சுருக்காக் கேக்கும்ல. மொதல்ல பாதிப் பாதியாத்தான் அனுப்புனேன். பொறவு அவ பொழப்பு கெட்டுறக் கூடாதுன்னு... எனக்கென்ன, நான் பாகக்காத் தின்டுக்கிறுவேன்."

"முழுசா அனுப்பிட்டு நீங்க ஒண்ணுகூடப் போடலை."

"பவரு கூட்டிக் குடுத்தாங்கள்ல, அது ரொம்ப ஒசத்தி போலன்னு நெனச்சேன்."

ஜோதிமணிக்கு இப்போது விளங்கியது. ராஸ் அல் கைமாவில் மாத்திரையே போடாத மனிதருக்குச் சர்க்கரை குறையவில்லை என்று டாக்டர் பவரை ஏற்ற, கமுதிக்குப் பக்கத்தில் ஒரு பெண்பிள்ளை அந்தப் பவரை விழுங்கிவிட்டு மிளகாய்க் காட்டில் களை எடுக்கையில் சுருண்டு விழுந்துகொண்டிருக்கிறாள். அவள் மயக்கத்தைத் தன் மயக்கம் என்று சொல்லி இவர் இங்கே வைத்தியம் கேட்கிறார். கேட்டால் இன்னொரு டாக்டர் இன்னொரு மாத்திரை தருகிறார். அதுவும் பெட்டியில் ஏறுகிறது.

"போன் போடுங்க. இப்பவே!"

"இந்நேரம் அவ..."

"போடுங்கண்ணே!"

போன் கார்டைச் சுரண்டி நம்பர் அடித்தார். லவுட் ஸ்பீக்கரில் முதலில் ஒரு கோழி கத்தியது, பிறகு கருப்பாயி.

"ஆரு? ஆசுபத்திரிப் புள்ளையா? ஒங்க மாத்திரை ரொம்பப் பவரு தாயி. போட்டேன்னா ஆளையே தூக்கிப் போட்டுருது."

"அதான் சொல்றேன். அந்த மாத்திரைய இனித் தொடக்கூடாது. இன்னைக்கே கமுதி ஆஸ்பத்திரிக்குப் போய், கையில இருக்கிறத அப்படியே காட்டுங்க. இத்தனை நாள் இதைத்தான் போட்டேன்னு சொல்லுங்க. மயக்கம் வந்தா உடனே சர்க்கரையோ வெல்லமோ வாயில போடுங்க, தனியா இருக்காதீங்க. ஒங்களப் பாக்காம யாரும் ஒங்களுக்கு மருந்து தர முடியாது. நானும் முடியாது, அவரும் முடியாது."

"அவருக்கு இது நல்லாத்தான கேக்குது?"

"அவர் போட்டாத்தான கேக்கும்."

அந்தப் பக்கம் கோழிகூட அடங்கிவிட்டது.

"யோவ்" என்றாள் கருப்பாயி. "கம்பெனியில வீட்டாளுக்கும் சேத்துத் தாராகன்னு சொன்னீரே?"

சோலைமுத்து லவுட் ஸ்பீக்கரை அணைக்கும் பொத்தானைத் தேடினார்.

"காலப் புண்ணாக்கிட்டுப் படுத்துக் கெடந்தப்பவும் எனக்கு அனுப்பிட்டுத்தான் கெடந்தீரா? நீரு செத்து நான் மாத்திரை திங்கவா? வாரும், ஊருக்கு வாரும், ஒம்மச் சூளையில போடாம விட்டா நான் கருப்பாயி இல்ல!"

"அவரு இப்பவும் சூளையிலதான் இருக்காரு அத்தாச்சி" என்று ஐயப்பன் இடையில் சொல்ல, ரூமே சிரித்தது. சோலைமுத்து சிரிக்கவில்லை. லுங்கி நுனியால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

சிரிப்பு ஓய்ந்ததும் ஜோதிமணி சுற்றிலும் பார்த்தாள். ஒவ்வொருவனும் வேறு எங்கோ பார்த்தான்.

"வேற யாரெல்லாம்?"

ஜெயசீலன் தலையைச் சொறிந்தான். மார்த்தாண்டத்துப் பையன், இருபத்து மூன்று வயது, போன மாதம் முட்டி வலி என்று இரண்டு முறை எக்ஸ்ரே எடுத்தவன்.

"டேய், உன் முட்டியா அது?"

"முட்டி எனக்கதுதான் சிஸ்டர். வலிதான் அப்பாக்கது."

சனிக்கிழமை ஜோதிமணி எல்லாவற்றையும் அனந்தகிருஷ்ணனிடம் சொன்னாள். மறைக்க அவளுக்கு வராது. வந்தாலும் பயனில்லை, மருந்தை ஷியாமளா மாற்றி எழுதியாக வேண்டும். இத்தனை நாள் எதுவுமே போடாத உடம்பில் இப்போதைய பவரை ஒரேயடியாகச் செலுத்தினால் சோலைமுத்துவே சுருண்டு விழுவார்.

அனந்தகிருஷ்ணன் கண்ணாடியைக் கழற்றினார். "மிஸ்யூஸ்னு எழுதிடலாம். டெஸ்ட்டே வேண்டாம்."

"எழுதுங்க. அதோட அந்தக் கேம்ப்ல ஒருத்தன்கூட நம்மகிட்ட உண்மை சொல்லமாட்டான். ஊர்ல இருக்கிற முட்டிக்கு நீங்க இங்க எக்ஸ்ரே எடுத்துக்கிட்டே இருக்கணும், யாரோ ஒரு பொம்பளைக்கு வர்ற மயக்கத்துக்கு ஸ்கேன் எடுத்துக்கிட்டே இருக்கணும். நம்ம காசு எங்க போகுதுன்னு வருஷம் பூரா தேடினீங்களே சார், அட்டைப்பெட்டியில போகுது."

"என் அம்மாவுக்கு நானும்தான் இங்கேருந்து பிரஷர் மாத்திரை அனுப்பறேன். பணம் கொடுத்து வாங்கி அனுப்பறேன்."

"உங்ககிட்ட பணம் இருக்கு. அவர்கிட்ட கிளினிக் கார்டுதான் இருக்கு."

அனந்தகிருஷ்ணன் கம்ப்யூட்டரைத் திருப்பி எதையோ தேட ஆரம்பித்தார். முப்பது வயதுக்குக் கீழ் இருப்பவர்களின் முட்டி எக்ஸ்ரே. திரை நிரம்பி வழிந்தது. "நாராயணா" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைத் துடைக்காமலே மாட்டிக்கொண்டார்.

"டெஸ்ட் அன்னிக்குப் பார்க்கலாம்" என்றார்.

மறுநாள் முதல் சோலைமுத்து ஷிஃப்ட் ஏறுமுன் ஃபேக்டரி வாசலில் இருந்த ஃபர்ஸ்ட் எய்டு ரூமுக்கு வந்து, ஜோதிமணி கண்முன்னால் மாத்திரையை விழுங்கினார். ஷியாமளா அடிமட்டத்திலிருந்து தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினாள். அட்டையை அவர் கையில் கொடுக்கவே இல்லை. முதல் வாரம் அவர் தலைகுனிந்து வந்தார், குனிந்தே போனார். "சின்னப் புள்ளைக்குப் போலியோ சொட்டு மாதிரி" என்று வரிசையில் நின்றவர்கள் கேலி செய்தார்கள். இரண்டாவது வாரம் அவரே வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டி, "பாத்துக்கங்க" என்றார். இரவில் தண்ணீர் குடிக்க எழுந்திருப்பது நின்றுவிட்டதாக ஒருநாள் சொன்னார். கருப்பாயிக்குக் கமுதியில் வேறு மாத்திரை எழுதியிருந்தார்கள். மயக்கம் நின்றுவிட்டது, ஆனால் இந்த மாத்திரையில் ஒரு 'கிக்' இல்லை என்று அவளுக்குக் குறை.

டிசம்பர் கடைசியில் ரத்தம் எடுத்தார்கள். ரிசல்ட் வரும் அன்று சோலைமுத்து கிளினிக் வராந்தாவில் துவைத்த சட்டையோடு உட்கார்ந்திருந்தார். கையில் பாஸ்போர்ட் ஜெராக்ஸ், யாரும் கேட்காமலே கொண்டு வந்தது. கேன்சல் என்றால் அதுதான் தேவைப்படும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

ஜோதிமணி காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். நல்ல சர்க்கரை என்று சொல்ல முடியாது. மூன்று மாதச் சராசரி இன்னும் அதிகம்தான். ஆனால் வெறும் வயிற்றுக் கணக்கு கம்பெனி அன்ஃபிட்டுக்கு வைத்திருந்த கோட்டுக்குக் கீழே வந்திருந்தது. அவள் அதை அனந்தகிருஷ்ணன் மேசையில் வைத்தாள். அவர் இரண்டு முறை படித்தார். பிறகு தன் பட்டியலை எடுத்துச் சிவப்புச் சுழியின் மேல் வெள்ளை மையைத் தடவி, காயும்வரை ஊதினார்.

"இவரை வச்சுக்கிட்டே செலவு குறைஞ்சதுன்னு ரிப்போர்ட்ல எப்படிம்மா எழுதறது?"

"அப்படியே எழுதுங்க சார்."

வெளியே வந்து, "போய் டைல்ஸ் இறக்குங்க" என்றாள். சோலைமுத்து எழுந்தார். என்ன சொல்வதென்று தெரியாமல் ஜெராக்ஸை எட்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "அவளுக்குப் போன் போட்டுச் சொல்லணும்" என்றார். "எவ்வளவுன்னு எழுதிக் குடுங்க தாயி. அவ கணக்க விட என்னது கம்மியான்னு கேப்பா."

எழுதிக் கொடுத்தாள்.

அடுத்த ஆள் ஏற்கனவே உள்ளே வந்து நின்றிருந்தார். கல்லுடைக்கும் கிரஷரில் வேலை பார்க்கும் நடுவயதுக்காரர். நெஞ்செரிச்சல் என்றார், சாப்பிட்டதும் மேலே மேலே வருகிறது என்றார். ஜோதிமணி பேனாவைத் திறந்துவிட்டு நிமிர்ந்தாள்.

"உங்களுக்கா, வீட்டுல யாருக்காவதா?"

அந்த மனிதர் திரும்பிப் பார்த்தார். கதவைச் சாத்திவிட்டு, நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ரெண்டு பேருக்குமே சிஸ்டர்" என்றார்.